டைரக்ட் பேமென்ட்: நேரடிக் கொடுப்பனவு

பிரிட்டனில் முதுமையாலோ உடல் இயலாமையாலோ அன்றாடத் துணை தேவைப்படுபவருக்கு, கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தானே ஆள் அனுப்பாமல், அதற்கான பணத்தை அவரிடமே கொடுக்கும் ஏற்பாடு இது. குளிக்கவும் சமைக்கவும் வெளியே போகவும் யார் வரவேண்டும், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அவரே முடிவு செய்யலாம்.

சொல்லின் உயிர் ‘டைரக்ட்’ என்பதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டப்படி கவுன்சில் சேவையைத் தரலாம். அதற்கு ஈடாகக் காசு தர முடியாது. 1980களின் தொடக்கத்தில் ஹாம்ப்ஷயரில் லே கோர்ட் என்ற பராமரிப்பு விடுதியில் இருந்த மாற்றுத்திறனாளிகள் சிலர், தங்களை அங்கே வைத்துக்கொள்ள ஆகும் செலவைத் தந்தால் வெளியே சொந்த வீட்டில் வாழ்வோம் என்று அதிகாரிகளிடம் வாதாடி வென்றார்கள். சட்டம் குறுக்கே நின்றதால் பணம் முதலில் சுற்றுவழியில்தான் வந்தது. 1996இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பிறகே அது நேராகக் கைக்கு வந்தது. தொடக்கத்தில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு இடமில்லை. 2000இல் அந்தத் தடை நீங்கியது. இங்கிலாந்தில் இப்போது இதற்கு அடிப்படை 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம்.

தமிழில் ‘உதவித்தொகை’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். உதவித்தொகையை விருப்பம்போலச் செலவழிக்கலாம். இந்தப் பணமோ, மதிப்பீடு செய்து ஒப்புக்கொண்ட தேவைகளுக்கு மட்டுமே. பொதுவாகத் தனிக் கணக்கோ முன்பணம் ஏற்றிய அட்டையோ இருக்கும். ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். மிச்சத்தைக் கவுன்சில் திரும்பக் கேட்கலாம். வசதியைப் பொறுத்துப் பெறுபவரும் ஒரு பங்கு போட வேண்டியிருக்கும். இந்தியாவில் வழங்கும் ‘நேரடிப் பணப் பரிமாற்றம்’ மானியத்தை வங்கியில் போடுவதைக் குறிப்பதால் அதுவும் பொருந்தாது.

இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் ‘கொடுப்பனவு’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது. ‘நேரடிக் கொடுப்பனவு’ என்போம். புதியவருக்குச் சொல்லும்போது ‘நேரடிப் பராமரிப்புக் கொடுப்பனவு’ என்று விரிக்கலாம்.

கூடவே வரும் ‘பி.ஏ.’ (பர்சனல் அசிஸ்டென்ட்) என்ற சொல்லைக் கேட்டால் தமிழ்நாட்டுக் காதுக்கு அமைச்சரின் பி.ஏ. நினைவு வரும். இங்கே அது வீட்டுக்கு வந்து துணைசெய்பவர். ‘தனித்துணையாளர்’ எனலாம்.

நம் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. கணவனுக்கோ மனைவிக்கோ, அதே வீட்டில் வாழும் மகன், மருமகள் போன்றோருக்கோ இந்தப் பணத்திலிருந்து சம்பளம் தர இங்கிலாந்தில் பொதுவாக அனுமதியில்லை. அது அவசியம் என்று கவுன்சில் ஒப்புக்கொண்டால்தான் தரலாம். ஆனால் அடுத்த தெருவில் இருக்கும், அம்மாவோடு தமிழில் பேசக்கூடிய ஒருவரை வேலைக்கு வைக்கத் தடையில்லை. ஆங்கிலம் தெரியாத தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அப்படி வைத்தால் நீங்கள் முதலாளி ஆகிறீர்கள்: குறைந்தபட்ச ஊதியம், விடுப்புச் சம்பளம், முதலாளி பொறுப்புக் காப்புறுதி எல்லாம் உங்கள் கடமை. ஊதியக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகள் உண்டு. கையெழுத்திடும் முன்பே கவுன்சிலிடம் அந்த உதவியைக் கேட்டு வாங்குங்கள்.