எஸ்தெடிஷியன்: பெயர்ப்பலகைக்கு ஒரு தமிழ்ச் சொல்

குன்னூரில் டிசம்பர் பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் பாட்டில் அடுப்பங்கரைக்குக் குடிபோய்விடும். வெளியே வைத்தால் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். உதடு பிளந்து, கன்னம் வெடித்து, குதிகால் கோடு கோடாகக் கிழியும் அந்தப் பனிக்காலத்தில்தான் என் அக்கா மகளின் கடையில் கூட்டம். முடி வெட்டவோ கல்யாண அலங்காரத்துக்கோ யாரும் அங்கே வருவதில்லை. "மூஞ்சி வறவறன்னு இருக்கு, ஏதாச்சும் பண்ணும்மா" என்றுதான் வருவார்கள். அவள் பார்ப்பது சருமம் மட்டும். போன மாதம் பெயர்ப்பலகையை மாற்றப் போவதாகச் சொன்னவள், "மாமா, சருமம் மட்டும் பார்க்கிறவங்களுக்கு எஸ்தெடிஷியன்னு பேரு, அதைப் போடணும், தமிழ்ல என்ன?" என்று கேட்டாள்.

வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நேராக மொழிபெயர்த்தால் 'அழகியலாளர்' என்று வரும். அப்படிப் போட்டால் பேஷியலுக்கு ஆள் வராது, கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை கேட்டுத்தான் வருவார்கள். அழகியல் என்பது தமிழில் கலை, இலக்கியம் பேசுகிறவர்களின் சொல்லாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேரில் அழகே கிடையாது. 'ஐஸ்தேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் புலன்களால் உணர்தல் என்று பொருள். தொட்டால் தெரிகிறதே, சுட்டால் உறைக்கிறதே, அதுதான். 1735இல் அலெக்சாண்டர் பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மானிய மெய்யியலாளர் புலனறிவை ஆராயும் துறைக்கு இந்த வேரிலிருந்து 'எஸ்தெடிக்ஸ்' (அழகியல்) என்று பெயர் வைத்தார். கலையும் ரசனையும் அதற்குள் வந்து சேர, உணர்வு பின்னுக்குப் போய் அழகு முன்னால் வந்து நின்றுகொண்டது. பழைய பொருள் இன்னும் கெடாமல் இருப்பது ஆஸ்பத்திரியில். அனஸ்தீஸியா என்றால் உணர்வு இல்லாமை. ஈதர் கொடுத்து வரவழைக்கும் மயக்கத்துக்கு 1846இல் அந்தப் பெயரைப் பரிந்துரைத்தவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர். ஆக, ஆபரேஷனுக்கு முன் மயக்க ஊசி போடுகிற டாக்டரும் முகத்துக்கு ஆவி பிடித்துவிடுகிற என் அக்கா மகளும் சொல்வழியில் பங்காளிகள்.

அழகு நிலையத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது பிரெஞ்சு. அமெரிக்காவில் அதற்குச் சட்டப்படியே எல்லை கட்டிவிட்டார்கள். எஸ்தெடிஷியன் என்றால் சருமம்: முகம் சுத்தம் செய்தல், மசாஜ், பேஸ் பேக், தேவையற்ற ரோமம் நீக்குதல், கொஞ்சம் மேக்கப். தலைமுடிக்குக் கத்தரி எடுத்தால் அது காஸ்மெட்டாலஜிஸ்ட் வேலை, அதற்கு வேறு உரிமம் வேண்டும். தோல் நோய்க்கு இன்ன வியாதி என்று பெயர் சொல்வதும் ஊசி போடுவதும் மருத்துவத்தில் சேர்ந்தவை.

அந்த உரிமம் வாங்குவது லேசில்லை. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். அங்கீகரித்த பள்ளியில் கலிபோர்னியாவில் 600 மணி நேரம், டெக்சாஸில் 750, அலபாமாவில் 1,000 என்று படித்து, மாநில வாரியம் வைக்கும் தேர்விலும் தேறவேண்டும். அப்புறம் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

இங்கேதான் 'லைசென்ஸ்' என்ற சொல் நம்மவர்களைக் குழப்புகிறது. அக்கா மகளோடு படித்த பெண் ஒருத்தி, கீழே சமவெளியில் ஒரு பயிற்சி நிலையத்தில் 3 மாதம் படித்தாள். கொடுத்த தாளில் பொன்னெழுத்தில் 'சர்வதேச லைசென்ஸ்' என்று அச்சடித்திருந்தார்கள். கல்யாணமாகி டெக்சாஸ் போனவள் அதை நீட்டினாள். எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்டார்களாம். தாளில் அந்தக் கணக்கே இல்லை. முதலிலிருந்து படிக்கிறாள்.

லைசென்ஸ் என்பதன் லத்தீன் வேருக்கு 'அனுமதி உண்டு' என்பதே பொருள். தமிழில் உரிமம். இது இருந்தால்தான் அந்த வேலையைச் செய்யலாம், இல்லாமல் செய்தால் குற்றம். சான்றிதழ் அப்படியல்ல, இவர் இதைப் படித்தார் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அழகுக்கலை வேலைக்கு நம் ஊரில் கிடைப்பது சான்றிதழ்தான். ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. மத்திய அரசின் திறன் பயிற்சியில் 'பியூட்டி தெரபிஸ்ட்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. நகராட்சி தருகிற தொழில் உரிமம் கடைக்கு, கைக்கு அல்ல. எனவே 'லைசென்ஸ் பெற்ற எஸ்தெடிஷியன்' என்று பலகையில் போடாதே என்று சொல்லிவிட்டேன். 'சான்றிதழ் பெற்ற' என்று தாராளமாகப் போடலாம்.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். 'அழகுக்கலை நிபுணர்' என்று ஊட்டியிலிருந்து கோத்தகிரி வரை எல்லாப் பலகையிலும் இருக்கிறது. புருவம் திருத்துபவர், மெகந்தி போடுபவர், முடிக்குச் சாயம் பூசுபவர் எல்லாருமே அதில் அடக்கம். பியூட்டிஷியன் என்பதற்கு அது சரி, இதற்குப் போதாது. 'ஒப்பனையாளர்' மேக்கப்காரர். 'தோல்நலக் கலைஞர்' என்று நான் ஆரம்பித்ததும், "தோல்னு போட்டா ஒண்ணு செருப்புக் கடைன்னு நினைப்பாங்க, இல்லேன்னா சொறி சிரங்கோட வருவாங்க மாமா" என்றாள். அதுவும் நியாயம்தான். தோல் நல்ல தமிழ், சருமம் வடமொழி வழி வந்தது. ஆனால் காதில் மென்மையாக விழுவது இரண்டாவதுதான், அதற்காக வழக்குப் போட முடியாது.

எனக்குப் பிடித்தது 'மேனி பேணுநர்'. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பஜாரில் நின்று சொன்னால் யாருக்கும் புரியாது. கடைசியில் 'சருமப் பராமரிப்பாளர்' என்று முடிவானது. பராமரிப்பு என்ற சொல் இந்த மலைக்கு இன்னும் பொருந்தும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி இருப்பதோ 2,200 மீட்டருக்கு மேல். குளிரில் வெயில் உறைக்காது, முகம் மட்டும் கறுக்கும். அவள் பாதி நேரம் செய்வது, பனிக்காலத்திலும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லிச் சண்டை போடுவதுதான்.

கடைக்குள் இருக்கும் பாட்டில்களுக்கும் பெயர் கேட்டாள். அஸ்ட்ரிஞ்சென்ட்டுக்கு மட்டும் நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி கூந்தலை அலசிய நீரில் 10 வகைத் துவரும் 5 வகை விரை என்ற வாசனைப் பொருளும் 32 வகை ஓமாலிகை என்ற நறுமணச் சரக்கும் ஊறிக் கிடந்தன. துவர் என்றால் துவர்ப்புள்ள பொருள், சருமத்தைச் சுருக்கி இறுக்குவது. 'துவர்நீர்' என்று லேபிள் ஒட்டிவிட்டாள்.

பலகை எழுத வந்த பெயின்டர் 'சருமப் பராமரிப்பாளர்' என்பதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். "எழுத்து ஜாஸ்தியா இருக்கே, பார்லர்னு ஒரு வார்த்தை போடலேன்னா யாரு உள்ளே வருவாங்க?" என்றார். அடியில் சின்னதாக 'பியூட்டி பார்லர்' என்றும் இருக்கிறது.