"6 பி.எஸ்.ஐ.தானே!" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கு

"6 பி.எஸ்.ஐ. பூஸ்ட்தானே, அதுக்கு என்ன ஆகிடப் போகுது?" பழைய காரில் டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) மாட்டுகிறவர்கள், அது தரும் கூடுதல் காற்றழுத்தமான பூஸ்டைப் பற்றிக் கேட்கும் கேள்வி இது; பி.எஸ்.ஐ. அதன் அலகு. இந்தக் கேள்வியைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. கடைசியாகப் பட்டறைக்கு வந்த பழைய இன்லைன் சிக்ஸும் (ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜின்) இதே கேள்வியோடுதான் வந்தது. டர்போ மாட்டி ஓட்ட ஆரம்பித்து அதிக நாள்கூட ஆகவில்லை. பிஸ்டன்களை வெளியே எடுத்துப் பார்த்தால், ஐந்தாவதில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மேடு துண்டுதுண்டாகப் பெயர்ந்து கிடக்கிறது. ஆறாவதில் ஓரம் உருகத் தொடங்கியிருக்கிறது. மற்ற நான்கும் புதுசு மாதிரி இருக்கின்றன. "பழைய இன்ஜின், டர்போவைத் தாங்கல" என்று உரிமையாளர் தீர்ப்பும் எழுதிவிட்டார்.

தாங்காமல் போனது பூஸ்டை இல்லை. பெட்ரோல் போதாமல், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முன்கூட்டியே நிற்க, அந்த நிலையில் ஓட்டியதைத்தான் அது தாங்கவில்லை.

முதலில் இந்தப் பூஸ்ட் எண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம். மீட்டரில் தெரிவது இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதன் அளவு இல்லை. டர்போ தள்ளுகிற காற்றை ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) விழுங்க முடியாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் தேங்கி நிற்கிறதே, அந்த அழுத்தம்தான் அது. ஹெட்டின் காற்றுவழியான போர்ட்டைப் பெரிதாக்கி, வால்வுகளைத் திறக்கும் கேமையும் நல்லதாகப் போட்டால் அதே டர்போவில் பூஸ்ட் குறையும், பவர் கூடும். சின்ன டர்போவை அதன் எல்லைக்கு மேல் சுழற்றி எடுத்த 7 பி.எஸ்.ஐ.யும், சரியான அளவு டர்போ நிதானமாகக் கொடுக்கும் 7 பி.எஸ்.ஐ.யும் ஒன்றே இல்லை. "அவன் வண்டி 15 தாங்குது, நான் பாதிகூட வைக்கல" என்பதற்கு அர்த்தமே கிடையாது. அவன் வண்டியில் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) என்ன, பெட்ரோல் என்ன, டைமிங் என்ன என்று யாராவது கேட்டீர்களா?

கம்பெனிகள் என்ன செய்தன என்று பாருங்கள். நிசான் 280இசட்எக்ஸ் டர்போவில் வந்த எல்28ஈடி இன்ஜினின் கம்ப்ரஷன் 7.4. டர்போ இல்லாத எல்28இ-யில் அது 8-க்கு மேல். டொயோட்டா 2ஜேஇசட்-ஜிஇ-யில் 10, டர்போ வந்த ஜிடிஇ-யில் 8.5. அதோடு பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிரவைக்கும் ஏற்பாடும் ஜிடிஇ-யில் உண்டு. இதெல்லாம் அவர்கள் பொழுதுபோகாமல் செய்த வேலையா?

சூட்டுக் கணக்கும் ஒன்று போட்டுக் காட்டுகிறேன். வெளியே 30 டிகிரி வெயில். 70 சதவீதத் திறனில் ஓடும் டர்போ அந்தக் காற்றை 7 பி.எஸ்.ஐ.க்கு அமுக்கினால் அது சுமார் 80 டிகிரியில் வெளியே வரும். திறன் 60 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 90. "கம்மி பூஸ்ட்தானே, இன்டர்கூலர் எதுக்கு?" என்று கேட்டு, காற்றைக் குளிரவைக்கும் அந்தக் கருவியை விட்டுவிடுபவர்கள் இந்த 90 டிகிரிக் காற்றைத்தான் பழைய கம்ப்ரஷன் இன்ஜினுக்குள் ஊதுகிறார்கள். அப்புறம் நாக்கிங் வராமல் என்ன செய்யும்? நாக்கிங் என்றால் கலவை சூட்டில் தானாகவே வெடித்து பிஸ்டனை அடிப்பது; அதற்கு மேல் இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பெரிய சைலன்ஸரும் திறந்த ஃபில்டரும் போட்டுக்கொண்டு "எனக்கு ஒரு சத்தமும் கேட்கல" என்று சொல்லாதீர்கள். கேட்காது.

சரி, பெட்ரோல். பழைய கார் என்பதால் பலர் கார்புரேட்டரையே வைத்துக்கொண்டு டர்போவை அதற்கு முன்னால் மாட்டுகிறார்கள். தப்பில்லை, நன்றாகவே ஓடும். ஆனால் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது 4 முதல் 6 பி.எஸ்.ஐ. வரைதான். கார்புரேட்டருக்குள் 6 பி.எஸ்.ஐ. பூஸ்ட் நிற்கும்போது அதே அளவு அழுத்தத்தில் வரும் பெட்ரோல் எப்படி உள்ளே நுழையும்? கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் பெட்ரோலில் சில விநாடி ஓடும், பிறகு வறண்டுவிடும். முதல் தெருவில் மிதித்துப் பார்த்து "சூப்பரா இருக்கு" என்றவர் நீளமான ஏற்றத்தில் பிஸ்டனை விடுவது இதனால்தான். பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏறும் ரெகுலேட்டர் வேண்டும். அந்த அழுத்தத்திலும் போதிய அளவு தள்ளக்கூடிய எலக்ட்ரிக் பம்ப் வேண்டும். அந்தக் கிண்ணத்தில் இருக்கும், உள்ளே காலியான பித்தளை மிதவை பூஸ்டில் நசுங்கும். கெட்டியான மிதவையாக மாற்றிவிடுங்கள்.

இன்ஜெக்ஷன் வைக்கிறவர்களுக்கும் கணக்கு உண்டு. 300 குதிரைசக்திக்கு ஆறு இன்ஜெக்டர், 80 சதவீதத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று வைத்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 400 மில்லி கொடுக்க வேண்டும். கையில் கிடைத்ததை மாட்டிவிட்டு ரெகுலேட்டரைத் திருகிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

அளக்காமல் பூஸ்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் கட்டாயம். பூஸ்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 11.5 முதல் 12 பங்கு வரை இருக்கட்டும். ஆனால் அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டர்போவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சென்சர் ஆறு சிலிண்டரின் சராசரியைத்தான் காட்டும். நான்கு சிலிண்டர் ரிச்சாகவும் (பெட்ரோல் கூடுதல்) இரண்டு லீனாகவும் (பெட்ரோல் குறைவு) இருந்தாலும் திரையில் அழகாக 11.8 என்று நிற்கும். இன்லைன் சிக்ஸில் இது பெரிய தலைவலி. நீளமான ஹெட், நடுவில் ஒரே கார்புரேட்டர், இரண்டு ஓரத்துக்கும் கலவை ஒரே மாதிரி போய்ச் சேராது. ஃபோர்டின் பழைய 200 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டே ஹெட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும், அதை மாற்றக்கூட வழியில்லை. போதாததற்கு வாட்டர் பம்ப் முன்னால் இருப்பதால் பல இன்ஜின்களில் பின்பக்க சிலிண்டர்கள்தான் அதிகம் சூடாகும். எனக்கு வரும் கேஸ்களில் ஐந்தும் ஆறும் முதலில் போவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. ஆறு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் எண் எழுதி, வரிசையாக வைத்து முனையின் நிறத்தைப் பாருங்கள். துடைத்துவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள். துடைத்த பிளக்கில் படிக்க ஒன்றும் இருக்காது.

அடுத்தது டைமிங். இங்கேதான் நல்ல மெக்கானிக்குகளும் ஏமாறுகிறார்கள். கிராங்க் முனையில் முறுக்கதிர்வை அடக்க இருக்கும் டேம்பர் ஒரே துண்டு இல்லை. உள்ளே ஹப், வெளியே வளையம், நடுவில் ரப்பர். ஐம்பது வருஷ ரப்பர் இறுகி வெடித்ததும் வெளி வளையம் மெல்ல நகர்ந்துவிடும். டைமிங் குறி இருப்பதோ அந்த வளையத்தில். டைமிங் லைட் அடித்தால் பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 10 டிகிரி முன் என்று காட்டும், உள்ளே நிஜத்தில் 16-இல் வெடித்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன வண்டியிலும் இதுதான் கதை. பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு உண்மையான மேல்முனையைக் கண்டுபிடித்து, குறி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

டேம்பர் கெட்டுவிட்டது என்று அதை எறிந்துவிட்டு லேசான அலுமினிய புல்லி போடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். இன்லைன் சிக்ஸ் இயல்பிலேயே அதிராமல் ஓடும் இன்ஜின் என்பது உண்மைதான். ஆனால் அதன் நீளமான கிராங்க் ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கிக்கொண்டு திரும்பும். அதை அடக்குவது டேம்பர்தான். புதிய டேம்பர் போடுங்கள்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கை நகர்த்தும் எடைக்கட்டிகளுக்கு ஆர்.பி.எம். மட்டும்தான் தெரியும், பூஸ்ட் தெரியாது. ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் டைமிங்கை ஒரு டிகிரி பின்னுக்கு இழுப்பது தொடக்கத்துக்கு நல்ல கணக்கு. அதைச் செய்யும் இக்னிஷன் பாக்ஸ் இல்லையென்றால் டர்போவைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மி.மீ. அளவில்.

இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலான இடைவெளியைப் பழைய மேனுவல்படி வைக்காதீர்கள். 86 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்குத் தெரு டர்போவில் மேல் ரிங் 0.47 மி.மீ. பக்கம் வரும்; உங்கள் பிஸ்டனோடு வரும் அட்டவணைதான் கடைசி வார்த்தை. சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டால் மேட்டைப் பெயர்த்துவிடும், பழி நாக்கிங் மேல் விழும்.

டர்போ புகைக்கிறது என்று சீல் மாற்றச் சொல்லி வருபவர்கள் முதலில் ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். அது தடிமனாக, எங்கும் மேலே ஏறாமல் சரிவாக இறங்கி, சம்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எல்28 மாதிரி இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருக்கும் இன்ஜின்களில் கார்புரேட்டரும் பெட்ரோல் ஹோஸும் சிவக்கச் சிவக்கச் சூடாகும் டர்போவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பழைய ஹோஸை மாற்றுங்கள், வெப்பத் தடுப்பு வையுங்கள், தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். மேனிஃபோல்டிலிருந்து, பெடல் அழுத்தத்துக்குக் கைகொடுக்கும் பிரேக் சர்வோவுக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். அது பழையதாகி ஒழுகினால் பூஸ்ட் நேராக சர்வோவுக்குள் போகும். வேகமாக மிதித்துவிட்டு பிரேக்கைத் தொடும் அந்த நேரத்தில்தான் பெடல் கல்லாக நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து பெடலை அழுத்துங்கள். முதல் ஒன்றிரண்டு அழுத்தல் மென்மையாக இறங்க வேண்டும். எடுத்தவுடனே கெட்டியாக இருந்தால் முதலில் வால்வை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகும் அப்படியே இருந்தால் சர்வோவைக் கழற்றுங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.