‘ஊ’ என்று பாடியவர்கள்

பழைய அமெரிக்கக் காதல் பாடல்களை விரும்பிக் கேட்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “முன்னால் நிற்பவர் சொற்களைப் பாடுகிறார். பின்னால் நாலு பேர் ‘ஊ’ என்றே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் எப்போதும் ‘ஊ’? ‘ஈ’ என்று பாடினால் ஆகாதா?”

ஆகாது. காரணம் நம் காதுக்குள் இருக்கிறது.

ஒரு பாட்டை வைத்துப் பார்ப்போம். ஜிம் ரீவ்ஸ் 1959இல் நாஷ்வில் நகரில் பதிவு செய்த ‘ஹீல் ஹேவ் டு கோ’. காதலியோடு தொலைபேசியில் பேசும் ஒருவனின் பாட்டு. மைக்குக்கு மிக நெருக்கத்தில், கிட்டத்தட்ட பேச்சின் அளவிலேயே பாடியிருக்கிறார். 1960இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் தரவரிசையில் 2ஆம் இடம்வரை ஏறியது. ரீவ்ஸின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவருக்குப் பின்னால் பாடியது அனிடா கெர் சிங்கர்ஸ் என்ற குழு: அனிடா கெர், டாட்டி டிலார்ட், கில் ரைட், லூயிஸ் நன்லி. குழுவுக்கான குரல் பகுதிகளை எழுதியவர் அனிடா கெர். உச்சஸ்தாயியில் பாடியவரும் அவரே.

இப்போது குரலுக்கு வருவோம். எந்த உயிரெழுத்தைச் சொன்னாலும் குரல்நாண்கள் எழுப்புவது ஓர் அடிப்படை அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும்தான். நாக்கும் உதடும் வாயின் வடிவத்தை மாற்ற, சில மடங்குகள் ஓங்கும், சில அடங்கும். ஆண் குரலில் ‘ஊ’ ஓங்குவது ஏறத்தாழ 300, 870 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) அருகில். ‘ஈ’ ஓங்கும் முதல் இடமும் 270இல்தான் இருக்கிறது, ஆனால் இரண்டாவது 2,290 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. 1952இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் பீட்டர்சனும் பார்னியும் அளந்து வெளியிட்ட சராசரிகள் இவை.

2,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதியில்தான் சொல்லின் அடையாளம் இருக்கிறது. ‘த’வா ‘க’வா, ‘ப’வா என்று காது பிரித்தறிவது பெரிதும் அங்கே நடக்கும் மாற்றங்களை வைத்துத்தான். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்வரை மட்டுமே அனுப்பியது. அதுவே பேச்சைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது. கோரஸ் ‘ஈ’ என்று பாடினால், முன்னால் நிற்கும் நாயகன் சொல்லை உச்சரிக்கிற அதே இடத்தில் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ‘ஊ’ அந்த இடத்தைக் காலியாக விடுகிறது.

இதுவரை பாதி விடைதான். என்னை மயக்குவது மறுபாதி. ‘ஊ’ தாழ்ந்த பகுதியில்தானே இருக்கிறது, பிறகு எவ்வளவு சத்தமாகப் பாடினால் என்ன?

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அடிச்சவ்வு ஒன்று இருக்கிறது. நுழைவாயில் பக்கம் குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். உயர் அதிர்வெண்கள் அங்கே உச்சம் பெறும். தொலைவில் உள்ள முனை அகலமாகவும் தளர்வாகவும் இருக்கும். தாழ் அதிர்வெண்களின் இடம் அது. ஒலி வந்ததும் சவ்வின் மீது ஓர் அலை கிளம்பி, தனக்குரிய இடம்வரை வளர்ந்துகொண்டே போய், அதைத் தாண்டியதும் சட்டென்று அடங்கிவிடும். தெருக்கோடி வீட்டுக்குப் போகிறவர் முதல் வீட்டு வாசலைக் கடந்துதான் போக வேண்டும். முதல் வீட்டுக்காரருக்கோ தெருக்கோடியில் வேலையே இல்லை. அதுபோல, தாழ்ந்த ஒலி தன் இடத்துக்குப் போகும் வழியில் உயர் ஒலிகளின் இடத்தையும் அசைத்துவிட்டுப் போகிறது. உயர் ஒலியால் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தொந்தரவு செய்ய முடியாது.

ஆகவே ஓர் ஒலி இன்னொன்றை மறைப்பது இருபுறமும் சமமாக நடப்பதில்லை. மேல்நோக்கித்தான் பரவுகிறது. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு: இந்தப் பரவல் சத்தத்தோடு சேர்ந்து அகலமாகிறது. மெல்லிய தாழ் ஒலி தன் அண்டை அயலை மட்டும் மறைக்கும். அதே ஒலி ஓங்கினால், அலையின் வால் பகுதியே உயர் ஒலிகளின் இடத்தை மூழ்கடித்துவிடும். நாலு பேர் தொண்டை திறந்து ‘ஊ’ என்று பாடினால் நாயகனின் சொல் போய்விடும். தணித்துப் பாடினால் ஒரு மெய்யெழுத்துகூடச் சேதமாகாது. கோரஸ் பாடகர்களின் வித்தை இந்தத் தணிவில்தான் இருக்கிறது. மூச்சைக் கட்டுப்படுத்தி, குரல் நடுக்கத்தைக் குறைத்து, நாலு குரல்களையும் ஒன்றாகக் குழைத்து, மெலிந்தும் சுருதி இறங்காமல் நிற்பது எத்தனை கடினம் என்பது பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சொல் இல்லாமல் பாடுவதற்கும் பலன் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மூளையால் ஒருவரை மட்டும்தான் ஒழுங்காகப் பின்தொடர முடியும் என்று ஆய்வாளர் காலின் செர்ரி 1953இல் காட்டினார். ‘ஊ’வில் பின்தொடர எதுவும் இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒலிச் சமன்படுத்தியில் (ஈக்வலைசர்) 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அனைத்தையும் இறக்கிவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். குரல் மெலிந்து கீச்சென்று ஒலிக்கும், ஆனால் வரிகள் புரியும். கோரஸ் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பிறகு மேலே உள்ளதை இறக்கிப் பாருங்கள். ‘ஊ’ அப்படியே நிற்கும், வரிகள் குழம்பிவிடும்.

இந்த மறைப்பை முதன்முதலில் விரிவாக அளந்த வெகலும் லேனும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள். ஆண்டு 1924. இறந்தவர்களின் காதைத் திறந்து, காக்ளியாவில் ஓடும் அலையைக் கண்டறிந்து 1961இல் நோபல் பரிசு பெற்ற பெக்கேசியும் ஹங்கேரியின் தொலைபேசி ஆய்வகத்தில்தான் அந்த வேலையைத் தொடங்கினார். இந்த மறைப்பு விதியை வைத்துத்தான் பிற்காலத்தில் எம்பி3 கோப்புகள் சுருக்கப்பட்டன. தொலைபேசிக்காரர்கள் இறந்தவர்களின் காதைத் திறந்து பார்ப்பதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று அன்றைக்குக் கணக்குப்பிள்ளை ஒருவர் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் இத்தனையும் தள்ளிப்போயிருக்கும். அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்டால் “உடனடிப் பயன் என்ன?” என்று கேட்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒரு பாட்டில் எந்தக் கருவியும் எந்தக் குரலும் எங்கே என்ன ஒலிக்க வேண்டும் என்று எழுதித் தருபவர்கள் அரேஞ்சர்கள். அவர்கள் இந்த அளவீடுகளையெல்லாம் படித்துவிட்டு எழுதவில்லை. காதால் கண்டுபிடித்தார்கள். பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்கு எழுதிய நெல்சன் ரிடில், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் இசைக்கருவிகளை நகரவிட்டு, சொல் வரும்போது அடங்கச் செய்தார்.

இங்கிலாந்தின் ரொனால்ட் பிஞ்ச் இன்னும் துணிந்தவர். பெரிய தேவாலயத்தில் ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்த சுரம் அதன்மேல் ஏறி ஒலிக்கும். அந்த எதிரொலியை அவர் காகிதத்திலேயே எழுதினார். வயலின்களைப் பல குழுக்களாகப் பிரித்தார். முதல் குழு மெட்டின் முதல் சுரத்தை வாசித்துப் பிடித்துக்கொண்டே இருக்க, அடுத்த சுரத்தை இரண்டாம் குழு எடுக்கும், அதற்கடுத்ததை மூன்றாம் குழு. யாரும் முழு மெட்டை வாசிப்பதில்லை. கேட்பவர் காதில் மெட்டும் அதன் எதிரொலியும் சேர்ந்தே விழுகின்றன. மாண்டோவானி இசைக்குழு 1951இல் பதிவு செய்த ‘ஷார்மைன்’ அப்படி உருவானதுதான். இசைத்தட்டு விற்றது மாண்டோவானியின் பெயரில். பிஞ்சின் பெயரைச் சொன்னால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கோரஸ் பாடகர்களின் நிலை இன்னும் மோசம். 1962இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘ஹீஸ் எ ரெபெல்’ இசைத்தட்டில் தி கிரிஸ்டல்ஸ் என்ற வேறொரு குழுவின் பெயர் அச்சாகியிருக்கும். உண்மையில் லாஸ் ஏஞ்சல்ஸில் அதைப் பாடியது டார்லீன் லவ்வும் தி ப்ளாசம்ஸ் என்ற கோரஸ் குழுவும். அந்தப் பாட்டின் அரேஞ்சர் ஜாக் நிட்ஷே. டார்லீன் லவ்வை ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் சேர்த்துக்கொண்டது 2011இல்.

மெட்டும் வரியும் எழுதியவர்களுக்குப் பாட்டு வாழும்வரை உரிமைத்தொகை வந்தது. அரேஞ்சருக்கும் கோரஸ்காரருக்கும் பொதுவாகப் பதிவு நடந்த அன்றைய கூலியோடு சரி. அந்தப் பணத்தை இனி யாரும் கொடுக்கப் போவதில்லை. பெயரையாவது கொடுக்கலாம். எந்த நாளில் எந்த ஸ்டுடியோவில் யார் வாசித்தார்கள் என்ற ஒப்பந்தத் தாள்கள் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் வழியாக நிறையவே எஞ்சியிருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றைப் பார்த்துப் பட்டியல்களும் தொகுத்திருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங் தளங்கள் பாடகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் என்று காட்டும் அதே திரையில் அரேஞ்சருக்கு ஒரு வரி, கோரஸுக்கு ஒரு வரி தவறாமல் சேர்த்தால் போதும்.