பூட்டில் கை வைக்கும் முன்

"தம்பி, பூட்டை உடைத்துவிட்டோம். இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டபடி அந்த ஆச்சி என் வக்கீல் அலுவலகத்துக்குள் வந்தபோது, ஒரு நாள் முன்னதாக வந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

காரைக்குடியில் பழைய வீடு. உள்முற்றத்தைச் சுற்றிய வளவுப் பகுதியில் ஆச்சி மட்டும் இருக்கிறார், பிள்ளைகள் வெளியூரில். முகப்பையும் அதை ஒட்டிய அறைகளையும் பலகாரம் செய்து விற்கும் ஒருவருக்கு 11 மாத ஒப்பந்தத்தில் விட்டிருந்தார். வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 27,000. ஆறாம், ஏழாம் மாத வாடகை வரவில்லை. எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒரு காலையில் பார்த்தால் கதவில் பூட்டு தொங்குகிறது, ஆள் இல்லை. போனில் கேட்டதற்கு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் ஆச்சி" என்றார். அதன்பின் அவர் போனை எடுக்கவே இல்லை.

மூன்று மாதம் பார்த்துவிட்டு ஆச்சியின் கொழுந்தனார் மகன் பூட்டை உடைத்துவிட்டார். உள்ளே ஒரு பழுதான கிரைண்டர், இரண்டு எண்ணெய் டின்கள், ஆத்தங்குடித் தரையில் அடுப்பு இருந்த இடத்தில் தாம்பாளம் அளவுக்குக் கருத்த வட்டம். அவ்வளவுதான். ஆனால் ஒரே வாரத்தில் வாடகைக்கு இருந்தவரிடமிருந்து நோட்டீஸ் வந்தது: பூட்டிய அறையில் இருந்த இயந்திரங்களும் பாத்திரங்களும் காணவில்லையாம், இழப்பீடு வேண்டுமாம். உள்ளே இருந்தவை இவைதான் என்று காட்ட எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. ஐந்து மாத வாடகை 45,000. அட்வான்ஸ் போக வரவேண்டிய 18,000 ரூபாயை விட்டுக்கொடுத்துத்தான் சமரசம் செய்துகொண்டோம். ஆச்சி கையெழுத்துப் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆள் போய்விட்டாலும் பூட்டு அவருடையதாக இருக்கும்வரை சுவாதீனத்தை, அதாவது இடத்தின் கைவசத்தை, அவர் ஒப்படைத்ததாக ஆகாது. முதலில் பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். முகவரி தெரியவில்லையே என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தபாலிலோ நேரிலோ, குடும்பத்தார் வழியாகவோ கொடுக்க முடியாதபோது அந்த இடத்தின் கதவிலேயே பளிச்சென்று தெரியும்படி ஒட்டுவதற்கு 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இடம் தருகிறது. ஒட்டியதைப் படம் எடுங்கள். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கணக்கீட்டையும் எடுத்து வையுங்கள். மீட்டர் நகரவே இல்லை என்றால், யாரும் குடியிருக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை நிலுவையாகி, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் இடத்தை மீட்க வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். அதே சட்டம் ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. 11 மாதம் என்றால் பதிவே வேண்டாம் என்ற பழைய நம்பிக்கையோடு இன்றும் எத்தனையோ பேர் வருகிறார்கள்! வாடகைப் பாக்கி கேட்டு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. காவல் நிலையத்துக்கு ஓடிப் பயனில்லை; வாடகை தராததை மட்டும் வைத்துக் குற்ற வழக்குத் தொடர முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் மாதங்களின் வாடகை முழுவதும் தானாக வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். நட்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று நீதிமன்றம் பார்க்கும்.

குடியிருப்பவர்களுக்கும் சொல்கிறேன். தொழில் நொடித்துப்போனவர்மீது எனக்குக் கோபமில்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள்: அவர் கிளம்பிய அன்று பாக்கி 18,000 மட்டுமே. சாவியை ஆச்சியின் கையில் கொடுத்து, இரண்டு வரியில் எழுதி வாங்கியிருந்தால், முன்னறிவிப்புக்காக ஒரு மாத வாடகையைச் சேர்த்தாலும் 27,000-உடன் கணக்கு அன்றே நேராகியிருக்கும். சாவியைக் கொண்டுபோனதால்தான் மேலும் மூன்று மாதம் அவர் தலையில் ஏறியது.

இப்போது அந்த முகப்புக்குத் தையல் வகுப்பு நடத்தும் ஒரு பெண் வந்திருக்கிறார். ஒப்பந்தத்தில் அவருடைய சொந்த ஊர் முகவரியைச் சேர்த்தோம். கடைசித் தாளில் சாவி ஒப்படைக்கும் தேதிக்கு ஓர் இடம், மீட்டர் எண்ணுக்கு ஓர் இடம், கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். ஆச்சி அந்தத் தாளை மட்டும் தனியாக நகல் எடுத்துப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்.