சென்சாரைப் படிக்க எத்தனை மில்லி விநாடி?

புதிய கேமரா பற்றிய கசிவுகள் கிளம்பும்போதெல்லாம் ஒரே கேள்வி பல குரல்களில் வருகிறது: "மெகாபிக்சல் அதே 24 தானாமே, அப்புறம் சென்சாரில் என்ன புதுசு?" வதந்திப் பட்டியலில் பதில் பெரும்பாலும் இருக்கும். "ஸ்டாக்ட்", "பகுதி ஸ்டாக்ட்", "குளோபல் ஷட்டர்" என்று ஒற்றைச் சொல்லாக ஓர் ஓரத்தில் கிடக்கும். மூன்றும் சுற்றி வருவது ஒரே விஷயத்தைத்தான்: சென்சாரில் விழுந்த படத்தை எவ்வளவு விரைவாக எண்களாக மாற்றி வெளியே எடுக்க முடியும் என்பது.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் ஒளி எலக்ட்ரானாகிறது, எலக்ட்ரான்கள் மின்னழுத்தமாகின்றன, மின்னழுத்தம் எண்ணாகிறது. இது பள்ளிப் பாடம். ஆனால் எல்லாப் பிக்சல்களும் ஒரே நேரத்தில் எண்ணாவதில்லை. 24 மெகாபிக்சல் சென்சாரில் 6000 நெடுவரிசைகளும் 4000 கிடைவரிசைகளும் இருக்கின்றன. சாதாரண சென்சார் ஒரு நேரத்தில் ஒரு கிடைவரிசையைப் படித்து அடுத்ததற்குப் போகிறது. வரிசைக்கு 12 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொண்டால் 4000 வரிசைக்கு 48 மில்லி விநாடி. எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை எதுவும் அசையாமல் சென்சாரே படப்பிடிப்பைத் தொடங்கி முடிக்கும் முறை) வேகத்தை 1/8000 என்று வைத்தாலும் படத்தின் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே இந்த 48 மில்லி விநாடி இருக்கத்தான் செய்யும். மணிக்கு 108 கிலோமீட்டரில் போகும் பந்து அதற்குள் 1.44 மீட்டர் நகர்ந்துவிடும். மட்டை வளைவதும், எல்இடி விளக்கடியில் முகத்தில் பட்டை விழுவதும் இதனால்தான்.

அந்த 12 மைக்ரோ விநாடியில் நடப்பதுதான் இந்தத் துறையிலேயே அழகான வேலை என்பேன். ஒவ்வொரு நெடுவரிசையின் அடியிலும் ஒரு கம்பேரேட்டரும் (இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சுற்று) ஒரு கவுண்ட்டரும் (எண்ணும் சுற்று) உட்கார்ந்திருக்கின்றன. வரிசை தேர்வானதும் 6000 பிக்சல்களும் தத்தம் மின்னழுத்தத்தைக் கீழே அனுப்புகின்றன. அதே நேரத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு சாய்வு மின்னழுத்தம் சீரான வேகத்தில் நகரத் தொடங்குகிறது, கவுண்ட்டர்களும் ஓடத் தொடங்குகின்றன. சாய்வு எந்த நெடுவரிசையின் அளவைத் தொடுகிறதோ அங்கே கம்பேரேட்டர் புரள்கிறது, கவுண்ட்டர் நிற்கிறது. நின்ற எண்தான் அந்தப் பிக்சலின் வெளிச்சம். மின்னழுத்தத்தை நேரமாக்கி, நேரத்தை எண்ணிவிடுகிறார்கள். பிக்சல் மாறினாலும் அளவுகோல் ஒன்றுதான், அதனால் நெடுவரிசைகளுக்கிடையே வேறுபாடும் குறைவு.

இதில் ஒரு கூடுதல் சாமர்த்தியம் உண்டு. பிக்சலைக் காலி செய்யும்போதெல்லாம் சிறிது மின்னழுத்தம் தாறுமாறாக மிச்சமாகும், ஒவ்வொரு முறையும் வேறு அளவில். ஆகவே முதலில் வெற்று அளவுக்கு ஒரு குட்டிச் சாய்வை ஓட்டி, கவுண்ட்டரைக் கீழ்நோக்கி எண்ண விடுகிறார்கள். பிறகு எலக்ட்ரான்களை இறக்கி, நீளமான சாய்வை ஓட்டி, மேல்நோக்கி எண்ண விடுகிறார்கள். கடைசியில் கவுண்ட்டரில் நிற்பது இரண்டின் வித்தியாசம். கழித்தலுக்கென்று தனிச் சுற்றே வேண்டாம், எண்ணும் திசையை மாற்றியதே கழித்தல். சோனி 2007-ல் எக்ஸ்மார் என்ற பெயரில் கொண்டுவந்த சென்சார்களின் சுத்தமான நிழல் பகுதிகளுக்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

வேகத்துக்கு விலை எங்கே என்பதும் இங்கேயே தெரிகிறது. 12 பிட் என்றால் 4096 படிகள், 14 பிட் என்றால் 16384. சாய்வு நான்கு மடங்கு படிகளைக் கடக்க வேண்டும். எலக்ட்ரானிக் ஷட்டரில் தொடர்ச்சியாகச் சுடும்போது பல கேமராக்கள் சத்தமில்லாமல் 12 பிட்டுக்கு இறங்குவது அதனால்தான். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200-ல் இது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலே ஒரு படியைவிடப் பெரிது. ஐஎஸ்ஓ 100-ல் எடுத்த படத்தின் நிழல் பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கினால் தெரியும். இன்னொரு சிக்கல்: ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கான பிக்சல்கள் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் அத்தனை கம்பேரேட்டர்களும் ஒரே கணத்தில் புரளும். அந்த அதிர்ச்சி பொதுச் சாய்வையே ஆட்டிவிட, படத்தில் கிடைக்கோடுகள் தோன்றும்.

அப்படியானால் ஒரே நேரத்தில் பல வரிசைகளைப் படிக்கலாமே? இடமில்லை. 36 மில்லிமீட்டர் அகலத்தில் 6000 நெடுவரிசை என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 6 மைக்ரோமீட்டர் அகலமான நீளத் துண்டு. மேலும் சுற்றுகளைச் சேர்க்க ஓரத்தில் வழியில்லை. ஸ்டாக்ட் சென்சார் இதைக் கீழே தள்ளிவிடுகிறது: மேலடுக்கில் பிக்சல்கள் மட்டும், அதன் அடியில் ஒட்டிய இன்னொரு சிலிக்கான் அடுக்கில் எண்ணாக்கும் சுற்றுகள். ஒரே நேரத்தில் 12 வரிசை படித்தால் முன்பு போட்ட கணக்கு 48-லிருந்து 4 மில்லி விநாடியாகிவிடும். 2017-ல் வந்த சோனி ஏ9 தான் முதல் முழுச்சட்ட (36 மில்லிமீட்டர் அகலச் சென்சார்) ஸ்டாக்ட் கேமரா. அது ஏறத்தாழ 6 மில்லி விநாடியில் படித்தது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9 நாலுக்கும் கீழே இறங்கியது. மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சென்சாரைக் கடக்கவே மூன்று நான்கு மில்லி விநாடி ஆகும் என்பதால், இசட்9-ல் அந்தத் திரையையே தூக்கிவிட்டார்கள்.

பகுதி ஸ்டாக்ட் என்பது நடுவழி. 2024-ல் வந்த நிக்கான் இசட்6 வரிசையின் மூன்றாவது மாடலில் பிக்சல் பரப்புக்கு மேலும் கீழும் உள்ள ஓரங்களில் மட்டும் வேகமான சுற்றுகளை வைத்தார்கள். முந்தைய மாடலைவிடச் சுமார் 3.5 மடங்கு வேகம் என்பது நிறுவனக் கணக்கு. குறைந்த ஐஎஸ்ஓவில் நிழல் இரைச்சல் முந்தையதைவிடக் கூடுதல் என்பதையும் சோதனைகள் காட்டின. நிலக்காட்சி எடுப்பவருக்கு அது நஷ்டம், விளையாட்டும் வீடியோவும் எடுப்பவருக்கு நல்ல பேரம்.

குளோபல் ஷட்டர், அதாவது எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் ஒளி வாங்கி முடிப்பது, என்றதும் புத்தம் புதிதென்று துள்ளுகிறார்கள். 2004-ன் நிக்கான் டி70-ல் இருந்த சிசிடி (பழைய வகை) சென்சார், மறைவான பாதைக்கு எல்லா மின்னூட்டத்தையும் ஒரே கணத்தில் நகர்த்தியது. அதனால்தான் அதில் 1/500 வரை ஃபிளாஷ் ஒத்துழைத்தது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 வரிசையின் மூன்றாவது மாடல் அதே குணத்தை முழுச்சட்ட சிமாஸ் (இன்றைய வகை) சென்சாருக்குக் கொண்டுவந்தது, 1/80000 வரை ஃபிளாஷோடு. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒளி படாத ஒரு சேமிப்பிடம் ஒதுக்க வேண்டியிருப்பதால், எலக்ட்ரான் தங்கும் இடம் சுருங்குகிறது. அந்தக் கேமராவின் தொடக்க ஐஎஸ்ஓ 100 இல்லை, 250. ஏறத்தாழ 1.3 ஸ்டாப் (ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்) கைவிட்டுப் போகிறது. அடுத்த மாடலுக்கும் குளோபல் ஷட்டர் வதந்தி வந்தால், முதலில் தேட வேண்டியது அந்த ஐஎஸ்ஓ எண்ணைத்தான்.

இன்றைய சிமாஸ் சென்சாருக்கான அடித்தளம் 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், எரிக் ஃபாசம் குழுவில் போடப்பட்டது. விண்கலக் கேமராக்களைச் சிறிதாக்க வேண்டும் என்பதே தேவை. விண்வெளி ஆய்வுக்கு எதற்கு இத்தனை செலவு என்று செல்போனில் செல்ஃபி எடுத்தபடியே கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று எரிச்சல்தான்.

கேமரா கடைக்கு வந்தபின் வதந்தியை நீங்களே சரிபார்க்கலாம். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய மின்னணுப் பலகை ஒன்று போதும். அதன் 9-ம் எண் இணைப்பு முனையில் (பின் 9) பிடபிள்யூஎம், அதாவது மின்சாரத்தை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும் முறை, இயல்பாக 490 ஹெர்ட்ஸில் ஓடும், அதாவது ஒரு சுற்றுக்கு 2.04 மில்லி விநாடி. ஒரு தடையோடு எல்இடியை இணைத்து, முன்னால் வெள்ளைத்தாள் வையுங்கள். ஃபோகஸை முற்றிலும் கலைத்து, தாள் சட்டகம் முழுதும் நிறையும்படி நெருங்குங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர், 1/4000 அல்லது அதற்கு மேல், ஐஎஸ்ஓ தேவையான அளவு. படத்தில் மேலிருந்து கீழ்வரை எத்தனை வெளிச்சப் பட்டைகள் என்று எண்ணி 2.04-ஆல் பெருக்குங்கள். 23 பட்டை என்றால் 47 மில்லி விநாடி. ஒற்றைப் படத்திலும் தொடர் படத்திலும் தனித்தனியாக எண்ணுங்கள். பிட் மாறினால் விடையும் மாறும். ஷட்டர் வேகம் குறைந்தால் பட்டைகள் கலங்கி மறையும். இரண்டே பட்டை தெரிந்தால் ஒன்று சென்சார் மிக வேகமானது, இல்லையென்றால் மெக்கானிக்கல் ஷட்டரை அணைக்க மறந்திருக்கிறீர்கள். முன்னதுதான் என்றால் எல்இடியைப் பின் 5-க்கு மாற்றுங்கள். அங்கே 980 ஹெர்ட்ஸ், பட்டைகள் இரட்டிப்பாகி எண்ணுவதற்கு வசதியாகும்.