போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்

விடுதியில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அன்று பெற்றோர் சொல்லும் பொய்களில் மிகப் பழையது டிக்கெட் பொய். ‘ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரை இங்கேயே இரு’ என்று சொல்லிவிட்டுப் போனவர், அந்த பஸ்ஸிலேயே ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். அதற்கு அடுத்தது வாளிப் பொய்: கடைக்குப் போய் வாளியும் சோப்பு டப்பாவும் வாங்கி வருவதாகச் சொல்வது. சில வருடங்களாக ஏ.டி.எம். பொய் வந்திருக்கிறது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஓர் உறைவிடப் பள்ளியில் 22 வருடமாக ஆண்கள் விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். பிள்ளைகளின் பொய்களைவிடப் பெரியவர்களின் பொய்களைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஜூன் மாதம் நெருங்குவதால் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். புது ட்ரங்குப் பெட்டி. பூட்டு மட்டும் வாங்கவில்லை. பூட்டு வாங்கி வருகிறேன் என்று அவன் அப்பா மூன்று மணிக்கு வெளியே போனார். பையன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். டீ மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. பெட்டி பூட்டாமல் இருக்கிறதே! எட்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோதும் அங்கேயே இருந்தான். என் அறையில் இருந்த பழைய பூட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘வேண்டாம் சார், அப்பா வாங்கி வருவார்’ என்றான். அழவே இல்லை. அன்று இரவு பெட்டியின் கொக்கியைத் தன் ஷூ கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தான். பெற்றோர் வரும் ஞாயிறு வரை அந்தக் கயிறுதான். காலையில் முடிச்சை அவிழ்த்து, சீருடையை எடுத்துக்கொண்டு, மறுபடி கட்டுவான். ஒரு காலில் கயிறில்லாமல் வகுப்புக்குப் போவான். மாதக் கடைசியில் அப்பா வந்தார், கையில் பூட்டோடுதான். அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டது ஒரே கேள்வி: ‘இதை வாங்க இத்தனை நாளா?’

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகன் அழுவதைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. ஆனால் வாசலில் அழுகிற பிள்ளை பெரும்பாலும் கால் மணி நேரத்தில் அடங்கிவிடுவான் என்பதை அவர் அறிய மாட்டார். பஸ் கண்ணைவிட்டு மறைந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரனிடம் ஊர் எது என்று கேட்கத் தொடங்கிவிடுவான். ஏமாற்றிவிட்டுப் போன பிள்ளைதான் வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் பிரிவோடு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடுகிறது: இனி யார் சொல்வதை நம்புவது என்று யோசிக்கிற வேலை. பக்கத்து வீட்டுக்குப் போனால்கூட நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘போய்விட்டு வருகிறேன்’ என்றுதான் கிளம்புகிறோம். பெற்ற பிள்ளையிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நழுவுவது என்ன வழக்கம்?

அதனால் சொல்லிவிட்டுப் போங்கள். எப்போது வருவீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். ஒரு தாய் தினசரி காலண்டர் ஒன்றை வாங்கி வந்து, தாங்கள் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் மஞ்சள் தடவிவிட்டுப் போனார். பையன் தினமும் ஒரு தாளைக் கிழித்தான். அந்த மஞ்சள் விளிம்பு மேலே வர வர அவன் முகம் தெளிந்ததை அந்த அறையே பார்த்தது. அடுத்த வருடம் என்னிடம் நான்கு பேர் ஆணி கேட்டு வந்தார்கள்.

இன்னொரு பொய் பார்வைக்கு அன்பு போலவே இருக்கும். ‘பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் செய், உடனே வந்து கூட்டிப்போய்விடுகிறேன்.’ தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். இதைக் கேட்ட பிள்ளை, பிடிக்காதவற்றை எண்ணத் தொடங்கிவிடுகிறான்: இட்லி கல், குளிக்கிற தண்ணீர் உப்பு, மேல் கட்டில்காரன் குறட்டை. ஒரு வாரத்தில் பட்டியல் தயாரானதும் போன் செய்கிறான். நீங்கள் வருவதில்லை. இன்னும் 15 நாள் இருந்து பார் என்கிறீர்கள். அவன் கணக்கில் அது வாக்குத் தவறியதுதான். உண்மையைச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: காலாண்டுத் தேர்வு வரை இருந்து பார்ப்போம், விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். அப்படிச் சொன்னால் அப்படியே பேசவும் வேண்டும்.

‘சேட்டை செய்தால் ஹாஸ்டலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன்’ என்று மூன்று வருடம் மிரட்டிவிட்டு நான்காவது வருடம் உண்மையாகவே கொண்டுவந்து சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு இது பள்ளிக்கூடம் இல்லை, தண்டனை. ‘நான் என்ன தப்பு செய்தேன் சார்’ என்று முதல் இரவே கேட்டுவிடுவான். நான் என்ன பதில் சொல்ல?

வீட்டு ஏக்கத்துக்கு நேரம் காலம் உண்டு. காலையில் வராது. பல் தேய்க்க, குளிக்க, வரிசையில் நிற்க என்று ஓடுகிற ஓட்டத்தில் அதற்கு இடமில்லை. மாலை விளையாட்டு முடிந்து, கை கால் கழுவி, படிப்பு மணிக்காக உட்காரும் ஆறு மணிவாக்கில் வரும். போதமலைக்கு மேல் வெளிச்சம் குறையும்போது புதுப் பையன்கள் ஒருவன் பின் ஒருவனாகப் பேச்சைக் குறைப்பார்கள். பிறகு விளக்கணைத்ததும் வரும். ஞாயிறு மதியம் வரும். பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வாரம்தான் கடுமை, ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பிய இரவு மறுபடி ஒருமுறை எட்டிப் பார்க்கும். இதை நோய் என்றோ கோழைத்தனம் என்றோ நினைக்க வேண்டாம். இருக்கிற வீட்டை நினைத்துத்தானே ஏக்கம் வருகிறது?

ஆறாம் வகுப்புக்காரனைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் கவலை பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறவனைப் பற்றி. மீசை அரும்பிவிட்டதால் அவன் அழக்கூடாது என்பது எழுதாத சட்டம். பத்தாம் வகுப்பில் ஊரிலேயே முதல் மதிப்பெண் வாங்கி, தெருவில் ஃபிளெக்ஸ் வைக்கப்பட்டு வந்தவன், இங்கே முதல் வாரத் தேர்வில் 38ஆவது ஆளாகிறான். இங்கே எல்லோரும் ஃபிளெக்ஸ் வைக்கப்பட்டு வந்தவர்கள்தான். அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். தண்ணீர் வீணாகிறதே என்று கதவைத் தட்டப்போய், சத்தம் கேட்டுப் பேசாமல் திரும்பிவந்திருக்கிறேன். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை.

பிள்ளைகள் ஏக்கத்தை ஏக்கம் என்று சொல்ல மாட்டார்கள். வயிறு வலிக்கிறது என்பார்கள். பொய் சொல்கிறான் என்று அதட்டக் கூடாது, அந்த வலி உண்மையிலேயே இருக்கிறது. பொதுவாக அது படிப்பு நேரத்தில் வரும், தொப்புளைச் சுற்றி வரும், பந்தைக் கண்டால் போய்விடும். இந்தக் கணக்கை அளவுக்கு மீறி நம்பி நானே ஒருமுறை தவறினேன். தினமும் மாலையில் வயிற்று வலி என்று வருகிற பையன் ஓர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்தான். வழக்கமானதுதான் என்று ஓம வாட்டர் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். விடிந்தபோது வாந்தி, காய்ச்சல், நிமிர்ந்து நடக்க முடியாமல் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடல்வால் அழற்சி. அன்றே அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தான். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிற வலி ஆகியவை ஏக்கத்தின் வலி இல்லை. அதற்குப் பிறகு இரவில் யார் எழுந்து வந்தாலும் நான் வண்டியை எடுக்கிறேன்.

பிள்ளையிடம் சொல்லும் பொய் போதாதென்று எங்களிடமும் சிலர் மறைக்கிறார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பையனை, நன்றாக இருக்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாத்திரையைப் பெட்டியின் அடியில் துணிக்குள் வைத்து, யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாத்திரை தீர்ந்ததை அவன் யாரிடம் சொல்வான்? வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். வந்தது, இறைவணக்கக் கூட்டத்தில், 600 பேர் முன்னால். ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு எதுவானாலும் மருந்துச் சீட்டோடு எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

படுக்கையில் சிறுநீர் போவதும் அப்படியே. 11 வயதில் சில பிள்ளைகளுக்கு அது இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் நின்றுபோனது புது இடத்தில் திரும்புவதும் உண்டு. முன்பே தெரிந்தால் கீழ்க் கட்டில், ஒரு ரெக்சின் விரிப்பு, 11 மணிக்கு ஒரு எழுப்பல். இவ்வளவுதான் விஷயம். தெரியாவிட்டால் ஈரப் போர்வை ட்ரங்குப் பெட்டிக்குள் போகும், மூன்றாம் நாள் நாற்றம் வரும், நான்காம் நாள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். விடுதியில் பட்டப்பெயர் வைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகாது.

போனில் சொல்லும் பொய்களுக்கு வருகிறேன். எங்கள் விடுதியில் ஞாயிறுதோறும் ஒரு பிள்ளைக்கு 10 நிமிடம். அதில் பாதி ‘சாப்பிட்டாயா, படித்தாயா’விலேயே போய்விடுகிறது. சினைப்பசு கன்று போட்டதா, தெருமுனை மரத்தை வெட்டினார்களா, தம்பிக்குப் பல் விழுந்ததா என்பதைச் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்டால் ஏக்கம் கூடிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை. வீடு இன்னும் தன்னுடையதாகத்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை வளர்த்தவள் அவன் பாட்டி. பொங்கல் முடிந்த வாரத்தில் இறந்துபோனார். பொதுத்தேர்வு நெருங்குகிறது, படிப்பு கெட்டுவிடும், சொல்ல வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். நான் தலையாட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் பாட்டியிடம் கொடுங்கள் என்பான். தூங்குகிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார், காது சரியாகக் கேட்பதில்லை என்று அந்தப் பக்கம் சொல்வது எனக்குக் கேட்கும். கடைசித் தேர்வு எழுதிய அன்று மாலை அப்பா வந்து சொன்னார். பையன் என்னைத்தான் பார்த்தான். ‘உங்களுக்கும் தெரியுமா சார்?’ நல்ல மதிப்பெண் வாங்கினான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. இப்போது எந்த வீட்டார் இப்படிக் கேட்டாலும், வண்டி வைத்தாவது கூட்டிப்போய் முகத்தைக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். சண்டை போட்டிருக்கிறேன்.

காப்பாளர்கள் சொல்லும் பொய்யையும் சொல்லிவிட வேண்டும். ‘நன்றாக இருக்கிறான், வீட்டு ஏக்கம்தான்’ என்பது எங்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வாக்கியம். பல முறை அது உண்மை. ஆனால் எதை வேண்டுமானாலும் அதன் கீழே போட்டு மூடிவிடலாம். ஏக்கமுள்ள பிள்ளை எல்லாவற்றையும் பொதுவாகப் பிடிக்கவில்லை என்பான். ஒரு குறிப்பிட்ட ஆளை, ஓர் அறையை, ஒரு நேரத்தைக் கண்டு ஒதுங்கினால் அது வேறு. இரண்டு மாதம் பழகிய பிறகு திடீரென்று வரமாட்டேன் என்றால், குளிக்கப் பயந்தால், சாமான்கள் அடிக்கடி காணாமல் போனால், காயத்துக்குப் பொருந்தாத காரணம் சொன்னால், என்னைக் கேட்காதீர்கள், பிள்ளையைக் கேளுங்கள். தனியாக, வளாகத்துக்கு வெளியே கூட்டிப்போய்க் கேளுங்கள். போன் பேசும்போது காப்பாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் இப்போது போனைக் கொடுத்துவிட்டு வராந்தாவின் மறுமுனைக்குப் போய்விடுகிறேன்.

அடிப்பதும் அவமானப்படுத்துவதும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவை. பாலியல் தொல்லை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ‘பள்ளியின் பெயர்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098. அதைப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கட்டும். எங்கள் விடுதியில் போனுக்கு மேலேயே சுவரில் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். சேர்ப்பதற்கு முன், தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளிக்கிற நிர்வாகத்தை இன்னொரு முறை யோசியுங்கள்.

திறக்கிற அன்று காலையிலேயே வந்துவிடுங்கள். கட்டிலில் நீங்களே போர்வையை விரித்துக் கொடுங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று பிள்ளையோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். மதியம் எங்கள் சாப்பாட்டை அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், அப்போதுதான் அவன் குறை சொல்லும்போது புரியும். நான்கு மணிக்கு விளையாட்டு மணி அடிக்கும். அதுதான் கிளம்ப நல்ல நேரம். இருட்டும்வரை நிற்காதீர்கள். வாசல் வரை அவனையே வரச் சொல்லி, தேதியைச் சொல்லி, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புங்கள். அழுவான். நான் பக்கத்தில்தான் நிற்பேன். பூட்டை மறந்திருந்தால் கடைக்கு அலைய வேண்டாம். அலுவலக அலமாரியில் ஒரு டஜன் பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு சாவியோடு.