கலங்கல் வழிந்தால் படிகாரம் மட்டும் காரணமில்லை: படிவுத் தொட்டியில் பார்க்க வேண்டியவை

ஆடியில் ஆறு செம்மண் நிறத்தில் வந்துவிட்டால், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லார் கையும் படிகார வால்வுக்குத்தான் போகும். அன்றைக்கு அது சரியான வைத்தியம். ஆனால் ஆற்றுத் தண்ணீர் நேற்றுப் போலவே இருக்க, கிளாரிஃபையரில், அதாவது படிவுத் தொட்டியில், மட்டும் கலங்கல் வழிகிறதென்றால் படிகாரத்தைக் கூட்டுவதற்கு முன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

தொட்டி எதோடு மல்லுக்கட்டுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 0.1 மி.மீ. மணல் துகள் நொடிக்குச் சுமார் 8 மி.மீ. இறங்கும், 3 மீட்டர் ஆழத்தை ஆறேழு நிமிடத்தில் கடந்துவிடும். 0.01 மி.மீ. வண்டலுக்கு அதே ஆழம் ஒன்பது, பத்து மணி நேரம். 0.001 மி.மீ. களிமண்ணுக்கு ஒரு மாதத்துக்கு மேல். விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். போதாக்குறைக்குக் களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உள்ளவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். அந்த ஏற்றத்தைத் தணித்து, துகள்களைத் திரளாக்குவதுதான் படிகாரத்தின் வேலை. பானையின் உட்புறம் தேத்தான்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றும் நம் வீட்டுப் பழக்கமும் இதே திரட்டல்தான்.

படிகாரக் கரைசல் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் முழுக்கப் பரவ வேண்டும். ஃபிளாஷ் மிக்ஸர் அத்தனை வேகமாகச் சுற்றுவது அதற்காக. அடுத்த அரை மணி நேரம் நேர்மாறு, மெதுவாகத் துழாவ வேண்டும். திரள் குண்டூசித் தலை அளவுக்கு வளரும். துடுப்பின் வேகத்தை ஏற்றினால் வளர்ந்தது உடைந்துபோகும். உடைந்த திரள் மறுபடி முன்போல ஒட்டாது.

இனி தொட்டி. "ஆழமாகக் கட்டினால் நன்றாகத் தெளியும்" என்று பலர் நம்புகிறார்கள். ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1904-லேயே கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார்: தெளிவைத் தீர்மானிப்பது பரப்பு. நாளுக்கு ஒரு கோடி லிட்டர், அதாவது 10,000 கன மீட்டர் தெளியவைக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 36 கன மீட்டர் என்ற கணக்கில் சுமார் 278 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அந்தத் தொட்டியில் தண்ணீர் நிமிடத்துக்கு 2.5 செ.மீ. மேலே ஏறுகிறது. அதைவிட வேகமாக இறங்கும் திரள் அடியில் தங்கும். மெதுவாக இறங்குவது தண்ணீரோடு ஏறி வழிந்துபோகும். ஆழம் தேவைதான், ஆனால் அது கசடு தங்கவும் ஓட்டம் அடங்கவும்.

இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. மின்தடையாலோ ஆள் பற்றாக்குறையாலோ 24 மணி நேரத்துக்கு வடிவமைத்த அளவை 16 மணி நேரத்தில் பம்ப் செய்து முடிக்கிறார்கள். பதிவேட்டில் அதே ஒரு கோடி லிட்டர்தான். தொட்டிக்குள்ளோ ஏறும் வேகம் 3.75 செ.மீ. ஆகிவிடுகிறது. இதற்குப் படிகாரம் மருந்தாகாது. பம்பிங்கை நாள் முழுக்கப் பரப்ப வேண்டும். முடியாவிட்டால் 60 பாகைச் சாய்வில் டியூப் செட்லர் எனப்படும் குழாய்க் கட்டுகளை வைத்து, அதே இடத்துக்குள் படியும் பரப்பைக் கூட்டலாம்.

தெளிந்த தண்ணீர் வழியும் விளிம்பில் 'V' வடிவ வெட்டுகளோடு இருக்கும் வி-நாட்ச் தகட்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். ஒரு பக்க நாட்ச்சில் தண்ணீர் 4 செ.மீ. உயரத்துக்கும், தளம் சற்றே இறங்கிய மறுபக்கத்தில் 5 செ.மீ. உயரத்துக்கும் போகிறதென்றால் வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் வி-நாட்ச்சில் ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்கு (power 2.5) வீதத்தில் கூடும். அதனால் தாழ்ந்த பக்கத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் அதிகம் ஓடும். தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து ஓட, திரளும் கூடவே இழுபடும். ஸ்பிரிட் லெவலோ தண்ணீர்க் குழாய் மட்டமோ வைத்துத் தகட்டின் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்தால் அரை நாள் வேலை. நாட்ச்சுகளில் படியும் பாசியைத் துடைப்பதும் இதில் சேரும்.

கசடு அடுத்த சங்கதி. அடித்தளத்தைச் சுரண்டிச் சுற்றும் ஸ்கிரேப்பர் கசடை நடுக்குழிக்குத் தள்ளிக்கொடுக்கும். எடுப்பது நம் வேலை. நாள் கணக்கில் விட்டால் அது அழுகி, வாயுக்குமிழ் கிளம்பி, கறுப்புத் தட்டுகளாக மேலே மிதக்கும். இது திரள் சரியாகாததால் வருவதல்ல, வால்வைத் திறக்காததால் வருவது. ஒரேயடியாக நீளத் திறந்து வைப்பதும் சரியில்லை: முதலில் கெட்டியாக வரும், பிறகு தண்ணீர் கசடில் ஓட்டை போட்டுக்கொண்டு தெளிவாகவே ஓடும், சுற்றியிருக்கும் கசடு அசையாது. கெட்டி குறைந்து நீர்த்ததும் மூடிவிட்டு, இடைவெளி விட்டு மறுபடி திறப்பதே முறை.

வெயிலின் வேலையும் உண்டு. காலையில் கண்ணாடியாக இருந்த தொட்டி மதியம் இரண்டு மணிக்கு மேல் கலங்கினால், உள்ளே வரும் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் வெப்பம் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து பாருங்கள். சூடான தண்ணீர் லேசானது. மேற்பரப்பிலேயே படர்ந்து, இரண்டரை மணி நேரம் தங்க வேண்டியது சீக்கிரமே விளிம்பைத் தொட்டுவிடும். நுழைவில் கொஞ்சம் உப்புக் கரைசல் ஊற்றி, விளிம்பில் மின்கடத்துதிறனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் குறுக்கு ஓட்டம் உடனே பிடிபடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கலங்கினால் அப்போது ஜார் டெஸ்ட், அதாவது எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று பீக்கரில் போட்டுப் பார்க்கும் சோதனை. ஒரு சதவீதப் படிகாரக் கரைசலில் 1 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.கி. ஆறு பீக்கர்களில் அளவை மாற்றி வைத்து, ஒரு நிமிடம் வேகமாக, இருபது நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் படியவிட வேண்டும். காரத்தன்மையையும் அளந்துகொள்ளுங்கள்: 1 மி.கி. படிகாரம் ஏறத்தாழ அரை மி.கி. காரத்தன்மையைத் தின்னும். மழைவெள்ளத் தண்ணீரில் அது குறைவாக இருந்தால், கூட்டக் கூட்டப் பி.எச். இறங்கித் திரளே பிடிக்காது; கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டியிருக்கும். கரையாமல் படிய வேண்டிய அலுமினியமும் கரைந்த நிலையில் குழாய் வரை போய்விடும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் குடிநீரில் அதன் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.03 மி.கி., வேறு நீராதாரம் இல்லாதபோது 0.2 மி.கி.

மாதிரி எடுக்கும் இடத்திலும் கவனம். பொதுக் கால்வாயில் எடுத்தால் நல்ல பக்கமும் கெட்ட பக்கமும் கலந்து 8 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) என்று காட்டும், 10-க்குக் கீழே இருக்கிறதே என்று பதிவேட்டில் எழுதிவிடுவோம். விளிம்பின் நான்கு திசையிலும் தனித்தனியாக எடுங்கள். ஒரு பக்கம் 3, எதிர்ப்பக்கம் 15 என்று வந்தால், படிகார அறைக்குப் போக வேண்டியதில்லை. ஸ்பானரோடு விளிம்புக்குப் போகலாம்.